அறிவுக்குத் துணை அன்பு

தெஹிவளை, வெள்ளவத்தைப் பகுதிகளிலே வாழும் தமிழ்க் குடும்பங்களில் உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளை ஒன்று இருந்துவிட்டால், வீடு முழுவதும் அந்தப் பரீட்சையைச் சுற்றியே சுழலும். மருத்துவ பீடம் கிடைத்துவிட்டாலோ மகிழ்ச்சிக்கு அளவில்லை. அப்படிப் படித்து உயர்ந்த பேரன் ஒருவன், ஊரிலிருந்து வந்த அம்மம்மாவை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். டாக்டரும் அவனும் ஆங்கிலத்திலே நெடுநேரம் உரையாடுகின்றனர். “என்னவாம், தம்பி?” என்று அம்மம்மா கேட்டால், “ஒன்றுமில்லை, அம்மம்மா” என்பதே விடை. யாருடைய உடலைப் பற்றிப் பேசுகிறார்களோ அவருக்கே அப்பேச்சிலே பங்கில்லை. இக்காட்சியை நாம் எத்தனை முறை கண்டிருக்கிறோம்!

பவுல் கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 8-ஆம் அதிகாரத்திலே ஒரு வழக்கு வருகிறது. சிலைகளுக்குப் படைத்த இறைச்சியைக் கிறிஸ்தவர் உண்ணலாமா என்பதே கேள்வி. சிலைக்குச் சக்தியில்லை என்று தெளிந்திருந்தோர் தயக்கமின்றி உண்டனர். அதைக் கண்ட எளிய விசுவாசிகள் மனங்கலங்கி இடறினர். தெளிந்தவர்களுடைய கருத்துப் பிழை என்று பவுல் கூறவில்லை. ஆயினும், தம் சகோதரன் இடறுவானாயின் தாம் இறைச்சியையே விட்டுவிடச் சித்தமென்கிறார். அறியாதவர் ஏறி வரட்டும் என்னாது, அறிந்தவரை இறங்கி வரச் சொல்வதே இதிலுள்ள புதுமை.

அவ்வாறு இறங்கி வந்த ஒருவரை யாழ்ப்பாணம் கண்டிருக்கிறது. சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822 இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டரிலே பிறந்தவர். அமெரிக்க மிஷன் மருத்துவராக 1847 இல் இங்கு வந்தார். மறு ஆண்டு மானிப்பாயிலே நிலைகொண்டார். நோயாளரைப் பார்த்ததோடு நில்லாது, உள்ளூர் இளைஞருக்கு மேனாட்டு மருத்துவத்தையும் கற்பித்தார். தொடக்கத்திலே ஆங்கிலத்தில்தான். ஆனால் ஆங்கிலத்திலே கற்றவர்களை அரசாங்க உத்தியோகம் அழைத்தது; கிராமமோ பழையபடி மருத்துவரின்றி நின்றது. ஆகவே 1860-களிலே அவர் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார்.

மாணாக்கர் சிலருக்கு அது உவப்பாயிருக்கவில்லை. ஆங்கிலமே உத்தியோகத்துக்கு வழியென்பதை அவர்கள் நன்கறிவர். (இக்காலத்துப் பெற்றோர் அவர்களைக் குறைகூறமாட்டார்கள்!) கிறீன் அசையவில்லை. ஆனால் தமிழிலே பாட நூல் எங்கே? அவரும் மாணாக்கருமே உட்கார்ந்து மொழிபெயர்த்தனர். ‘இரணவைத்தியம்’ 1867 இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872 இலும், ‘கெமிஸ்தம்’ 1875 இலும் வெளிவந்தன. இவற்றுள் ‘மனுஷ அங்காதிபாதம்’ கிறேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலின் தமிழாக்கம். ஒவ்வோர் எலும்புக்கும் நரம்புக்கும் பெயர் தேடவேண்டும். முதலிலே தமிழிலே தேடுவர். கிடையாவிடில் வடமொழியை நாடுவர். அதுவும் உதவாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் எழுதுவர். தாம் முற்றும் அறிந்த ஒரு கலையை, தாம் வளர்ந்த பின்னரே கற்ற ஒரு மொழியிலே, குழந்தை நடை பயில்வதுபோலத் தடுமாறித் தடுமாறிச் சொல்ல முன்வருவதற்கு எத்தகைய பணிவு வேண்டும்! நூல்களின் பெருமையைவிட அந்தத் தடுமாற்றமே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

அவர் கிறிஸ்துவை அறிவிக்கவும் வந்தவர், அதை மறைத்ததுமில்லை. ஆனால் கிறிஸ்தவராவதற்கு வெள்ளைக்காரனைப்போல உடுத்துவதும் வாழ்வதும் வேண்டியதில்லை என்பது அவர் எண்ணம். தம் மாணாக்கர் தமிழராகவே வாழ்வதை விரும்பினார். மதம் வேறானவர்கள் அவருடைய பிரசாரத்தை ஏற்காதிருக்கலாம்; அவரிடம் மருந்து பெற்றோரில் பெரும்பாலார் சைவரே.

1873 இல் அவர் தாயகம் திரும்பினார். கடலுக்கு அப்பாலிருந்தும் தமிழ்க் கைப்பிரதிகளைத் திருத்துவதை அவர் விடவில்லை. தமிழ் வழி மருத்துவக் கல்வியோ அவருக்குப்பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. பட்டத்துக்கும் பதவிக்கும் ஆங்கிலமே வேண்டியிருந்தபோது வேறென்ன நடக்கும்? மானிப்பாய் வைத்தியசாலை மட்டும் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1884 இல் வூஸ்டரிலே அவர் காலமானார். அந்நகரத்து மயானத்திலுள்ள அவருடைய கல்லிலே, தமிழருக்கு மருத்துவ ஊழியராயிருந்தவர் என்ற செய்தி பொறிக்கப்பட்டிருக்கிறது.