பள்ளிக்கூடமே போகாத அம்மா எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதலாமா? கோட்டக்குப்பம் முதல் மரக்காணம் வரை எந்த வயதுக்கு என்ன வழி?

"எனக்கு வயசாயிடுச்சு, இனிமே படிச்சு என்ன ஆகப்போகுது?" அம்மாவோ சித்தியோ பெரியண்ணனோ இப்படிச் சொல்லி நீங்களும் கேட்டிருப்பீர்கள். அவர்களுக்குச் சொல்ல ஒரு தகவல் இருக்கிறது. எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத, பன்னிரண்டரை வயது நிரம்பியிருந்தால் போதும். உச்ச வயது வரம்பு கிடையாது. பள்ளி வாசலை மிதிக்காதவரும் எழுதலாம்.

புதுச்சேரியை ஒட்டியிருக்கும் கோட்டக்குப்பத்தில் தொடங்கி மரக்காணம் உப்பளங்கள் வரை, கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக மீன்பிடித் தொழிலையும் உப்பையும் கூலி வேலையையும் நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80.09 சதவீதம். கள்ளக்குறிச்சி பிரிவதற்கு முந்தைய விழுப்புரம் மாவட்டத்திலோ 71.88 சதவீதம்தான். ஏழு வயதைத் தாண்டிய நூறு பேரில் 28 பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதே இதன் பொருள். இவர்களுக்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன? வயது வாரியாகப் பார்ப்போம்.

14 வயது வரை: 'இடமில்லை' என்று சொல்ல முடியாது

பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளுக்கு அங்கன்வாடி. சத்துணவோடு, 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டத்தில் முன்பருவக் கல்வியும் அங்கே உண்டு.

6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் (2009) பாதுகாக்கிறது. இந்தச் சட்டத்தில் பலர் கவனிக்காத பகுதி 4-ஆவது பிரிவு. இடையில் நின்ற பத்து வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்காரவைக்க வேண்டியதில்லை. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடங்களுக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். இப்படிச் சேர்ந்தவருக்கு 14 வயது தாண்டினாலும் எட்டாம் வகுப்பு முடியும்வரை கல்வி இலவசம். வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பவும் கூடாது.

மாலை வகுப்பு இந்தக் கடற்கரையில்தான் தொடங்கியது

கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு தமிழக அரசு கொண்டுவந்த 'இல்லம் தேடிக் கல்வி' நினைவிருக்கிறதா? 2021 அக்டோபர் 27 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அதைத் தொடங்கிவைத்த இடம், மரக்காணம் அருகே உள்ள முதலியார்குப்பம். மாலை 5 மணியிலிருந்து 7 மணிக்குள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அவர்கள் தெருவிலேயே வகுப்பு. சொல்லிக்கொடுத்த தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய்.

பலன் கிடைத்ததா? தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளிடம் அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் ஆய்வு நடத்தினார்கள். பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள், கற்றலில் ஏற்பட்ட இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு சரியாகிவிட்டது. அந்த மீட்சியில் 24 சதவீதம் இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். வகுப்பு வீட்டுப் பக்கம் வந்தது, படிப்பவர்களுக்கு ஒத்துவரும் நேரத்தில் நடந்தது. பெரியவர்களின் கல்விக்கும் இதே பாடம் பொருந்தும்.

15 வயதுக்கு மேல்: 200 மணி நேரம்

எழுதப் படிக்கத் தெரியாத 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக 2022 முதல் 2027 வரை நடப்பது 'புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம்'. தன்னார்வலர்களே ஆசிரியர்கள். சுமார் 200 மணி நேரப் பயிற்சி முடிந்ததும் 150 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு. வாசிக்க 50, எழுத 50, கணக்குக்கு 50. தேறினால் சான்றிதழ்.

சரி, 200 மணி நேரத்துக்கு எங்கே போவது? உப்பளத்தில் வெயில் ஏறும் முன்பே வேலைக்கு இறங்க வேண்டும். மீன் விற்கும் பெண்களுக்குக் காலைப் பொழுதே கிடையாது. ஆனால் இந்தக் கடற்கரைக்கென்று ஒரு நாட்காட்டி இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையால் உப்பு உற்பத்தி நின்றுவிடும். வேலையில்லாத அந்தக் காலத்துக்காகவே அரசு உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. மீனவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மழைக்கால 92 நாளில் தினம் இரண்டு மணி நேரம் என்றால் 184 மணி. தடைக்காலத்தில் தினம் மூன்று மணி நேரம் என்றால் 183 மணி. கிட்டத்தட்ட மொத்தப் பயிற்சியும் ஒரே பருவத்தில் முடிந்துவிடும்.

தமிழகத்துக்கு இது புதிதும் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம், கல்குவாரித் தொழிலாளர்கள் வரை பாடத்தைக் கொண்டுபோனது. எழுத்தோடு சைக்கிளும் கற்றுத் தந்தது. அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகியதைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் பதிவுசெய்திருக்கிறார்.

எட்டாம் வகுப்பு ஏன் முக்கியம்?

எழுத்தறிவுச் சான்றிதழோடு நின்றுவிட்டால் வேலைக்கு அது பெரிதாக உதவாது. அடுத்த படி எட்டாம் வகுப்பு. தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து பாடங்களை அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் தனித்தேர்வில் எழுத வேண்டும்.

இதில் தேறினால் இரண்டு வழிகள் திறக்கின்றன. ஒன்று ஐ.டி.ஐ. வெல்டர், வயர்மேன், தையல் தொழில்நுட்பம் போன்ற பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். அரசு ஐ.டி.ஐ.களில் ஆண்கள் 40 வயது வரை சேரலாம். பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. பயிற்சி இலவசம், மாத உதவித்தொகையும் உண்டு. இன்னொரு வழி, பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதுவது. நேரடியாக எழுதுபவர்கள் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் பெயர் பதிந்து வகுப்புக்குப் போக வேண்டும். இதைத் தவறவிட்டுவிட வேண்டாம்.

வரிசையைத் தாண்டினால் சிக்கல்

"பத்தும் வேணாம், பன்னிரண்டும் வேணாம், நேரா டிகிரி வாங்கித் தர்றோம்" என்று யாராவது சொன்னால் உஷார். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கும் பட்டம் தமிழக அரசு வேலைக்குச் செல்லாது என்கிறது 2009-ஆம் ஆண்டு அரசாணை எண் 107. பணமும் வருடங்களும் போன பிறகுதான் பலருக்கு இது தெரிகிறது. பிளஸ் டூ முடித்துவிட்டு, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்வதில் இந்தச் சிக்கல் இல்லை. வயதும் தடையில்லை.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்குப் 'புதுமைப் பெண்', ஆண்களுக்குத் 'தமிழ்ப் புதல்வன்' என மாதம் 1,000 ரூபாய் கிடைப்பதும் நினைவிருக்கட்டும்.

பக்கத்திலேயே புதுச்சேரி இருக்கிறதே?

கோட்டக்குப்பத்துக்காரர்களுக்கு இது முக்கியமான கேள்வி. தெரு தாண்டினால் புதுச்சேரிதான். ஆனால் சென்டாக் வழியாக நிரப்பப்படும் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குப் புதுச்சேரி குடியிருப்புச் சான்று தேவை. தமிழக முகவரியை வைத்துக்கொண்டு அதை நம்பித் திட்டமிடக் கூடாது. காலாப்பட்டில் இருக்கும் புதுச்சேரி பல்கலைக்கழகம் மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் அதில் எந்த மாநிலத்தவரும் விண்ணப்பிக்கலாம். புதுச்சேரியினருக்குத் தனி ஒதுக்கீடு இருப்பது சில படிப்புகளில் மட்டும்தான்.

நீங்கள் செய்யக்கூடியது என்ன?

தனித்தேர்வுக்கான விண்ணப்பமும் ஹால் டிக்கெட்டும் இப்போது ஆன்லைன். எழுதப் படிக்கத் தெரியாதவர் இந்த அறிவிப்பைத் தானாகப் பார்க்கப்போவதில்லை. வீட்டில் போன் வைத்திருக்கும் நீங்கள்தான் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் இணையதளத்தைப் பார்க்க வேண்டும். பள்ளிக்கே போகாதவருக்குப் பிறப்புச் சான்று அவசியம். அதிலும் ஆதாரிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். தப்பு இருந்தால் திருத்தவே சில வாரங்கள் ஆகும். விண்ணப்பம் தொடங்கிய பிறகு அதற்கு அலைந்தால் கடைசித் தேதி போய்விடும். ஆகவே இந்த வாரமே பீரோவைத் திறந்து அந்தக் காகிதங்களை எடுத்துவிடுங்கள்.