உங்களுக்குத் தெரியுமா? - அட்லஸுக்குள் ஒளித்துப் படித்தவை!

விண்கலம், ரோபோ, வேற்றுக்கிரகவாசி என்றாலே “வெள்ளைக்காரன் சரக்கு” என்று ஒதுக்குவது எழுபது, எண்பதுகளில் பெரியவர்களின் வழக்கம். அந்தக் காலத்துப் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் இன்றும் விடாமல் படித்துச் சேர்த்த துணுக்குகள் இவை. சரக்கில் எவ்வளவு நம்முடையது என்று நீங்களே பாருங்கள்.

★ சிவகாசி வழியாக வந்த மாயாவி
பட்டாசுக்கும் காலண்டருக்கும் பேர் போன சிவகாசியிலிருந்துதான் 1972-இல் முத்து காமிக்ஸ் புறப்பட்டது. முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். 1962-இல் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் பிறந்த இவருடைய நிஜப்பெயர் லூயிஸ் கிராண்டேல். எங்கள் வகுப்பில் அந்தப் பெயர் யாருக்குத் தெரியும்? மாயாவி என்றால் மாயாவிதான். பூகோள பீரியடில் அட்லஸை விரித்து வைத்தால் ஒரு முழு காமிக்ஸ் அதற்குள் அடங்கும். பிளக்கில் விரலை விட்டால் நாமும் மறைவோமா என்ற ஆராய்ச்சியைத் தடுத்தது அப்பாவின் கை!

★ ஸ்பைடரை எழுதியது யார்?
லயன் காமிக்ஸில் கூர்மண்டையும் கூரிய காதுமாக வந்து நியூயார்க்கைக் கலக்கினாரே ஸ்பைடர், அவருடைய சாகசங்களில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை உருவாக்கிய இரட்டையரில் ஒருவர்! 1938-இல் சூப்பர்மேனின் உரிமையை இருவருமாக வெறும் 130 டாலருக்கு விற்றுவிட்டார்கள். பிழைப்புக்காக சீகல் பிரிட்டிஷ் காமிக்ஸுக்கு எழுதிய கதைகள்தான் சிவகாசி வழியாக நம் கைக்கு வந்தன.

★ கேப்டன் நெமோ நம்ம ஊர்க்காரர்
நாட்டிலஸ் நீர்மூழ்கிக் கப்பலின் கேப்டன் நெமோவை எல்லோருக்கும் தெரியும். ஆனால், பள்ளி நூலகத்துச் சுருக்கப் பதிப்போடு நின்றவர்கள் ஒரு சங்கதியைத் தவறவிட்டிருப்பார்கள். ஜூல்ஸ் வெர்ன் பிறகு எழுதிய ‘மர்மத் தீவு’ நாவலில் நெமோ யார் என்ற குட்டு உடைகிறது. அவர் பந்தேல்கண்ட் இளவரசர் டக்கார். திப்பு சுல்தானுக்கு உறவு. 1857 எழுச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்தவர். கடலுக்கடியில் கப்பல் ஓட்டியது வெள்ளைக்காரர் என்று நினைத்துக்கொண்டே பரீட்சை எழுதினோம்.

★ சேலத்தில் மாமூத்
ஹாலிவுட்டோடு கைகோத்து அறிவியல் புனைகதைப் படம் எடுத்த முதல் தலைமுறைத் தமிழர் யார்? சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம். 1952-இல் வந்த அந்தப் படம் ‘தி ஜங்கிள்’, தமிழில் ‘காடு’. பூமியிலிருந்து அழிந்துபோன மாமூத் யானைகள் இந்தியக் காட்டில் திரிவதாகக் கதை. 1963-இல் வந்த இன்னொரு தமிழ்ப் படம் ‘கலை அரசி’. வேற்றுக்கிரகத்தார் பறந்து வந்து பானுமதியைத் தூக்கிப்போகிறார்கள். எதற்கு? தங்கள் உலகத்துக்குக் கலை சொல்லிக்கொடுக்க! மீட்கப் போகிறவர் எம்.ஜி.ஆர். அப்புறம் என்ன கவலை?

★ தலையில் விழ இருந்த ஸ்கைலாப்
1979 ஜூலையில் பள்ளிக்கூடம் முழுக்க ஒரே பேச்சு ஸ்கைலாப். சுமார் 77 டன் எடையுள்ள அமெரிக்க விண்வெளி நிலையம் எங்கே விழும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. “நாளைக்கு உலகமே இருக்காது, வீட்டுப்பாடம் எதுக்கு?” என்பது கடைசி பெஞ்சின் வாதம். ஜூலை 11-ஆம் தேதி அது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விழுந்தது. குப்பை போட்டதற்காக எஸ்பெரன்ஸ் நகராட்சி நாசாவுக்கு 400 டாலர் அபராதம் போட்டது. வீட்டுப்பாடம் எழுதாத எங்களுக்கு பெஞ்ச் மேல் நிற்கும் அபராதம்.

★ காசில்லாததால் பிறந்த கண்டுபிடிப்பு
ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் ‘ஸ்டார் ட்ரெக்’ பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: விண்கலத்தில் நின்ற ஆள் மினுமினுத்துக் கரைந்து, அடுத்த நொடி கிரகத்தில் நிற்பார். இந்த உத்திக்குக் காரணம் விஞ்ஞானம் அல்ல, பட்ஜெட்! வாரத்துக்கு ஒரு கிரகத்தில் கப்பலை இறக்கிக் காட்டக் கட்டுப்படியாகவில்லை. 1979-இல் வந்த முதல் ஸ்டார் ட்ரெக் சினிமாவில் மொட்டைத் தலையோடு நடித்தவர், 1965-இன் மிஸ் இந்தியா பெர்சிஸ் கம்பாட்டா.

★ கோணேசர் காலடியில் கிளார்க்
பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்களை நிறுத்தினால் உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று 1945-லேயே எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். 1956-இல் இலங்கையில் குடியேறிய அவர் கடலில் முக்குளிப்பதிலும் கில்லாடி. சம்பந்தர் பாடிய திருக்கோணேச்சரத்தைப் போர்ச்சுகீசியர் இடித்தார்கள் அல்லவா? அந்தக் கோயிலின் தூண்களும் கற்களும் திருகோணமலைக் கடலடியில் கிடப்பதை அவரும் நண்பர் மைக் வில்சனும் முக்குளித்துக் கண்டார்கள். சத்யஜித் ராயின் ‘தி ஏலியன்’ திரைக்கதை 1967-இல் ஹாலிவுட் வரை போனதற்குப் பாலம் போட்டவரும் கிளார்க்தான். அந்தப் படம் கடைசிவரை எடுக்கப்படவே இல்லை.

★ ஜீனோவும் ஓட்டு மெஷினும்
சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது வாராவாரம் பக்கங்களைக் கிழித்து, ஊசிநூலால் தைத்து, அட்டை போட்டு பைண்டு பண்ணிய வீடுகள் ஏராளம். கதையின் முதுகில் ஜவுளிக்கடை விளம்பரமும் பாதி ஜோக்கும் சேர்ந்தே வரும். பேசும் இயந்திர நாய் ஜீனோ எல்லோருக்கும் செல்லம். ஆனால், கதை நடப்பது 2020-களின் தொடக்கத்து இந்தியாவில், ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சியில். தேர்தலே இல்லாத அந்த நாட்டைக் கற்பனை செய்தவர் பகலில் என்ன வேலை பார்த்தார்? பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய குழுவில் அவரும் உண்டு! “கதைப் புத்தகம் சோறு போடுமா?” என்று எங்களைக் கேட்டவர்களும் பின்னாளில் அந்த மெஷினில்தான் பட்டனை அமுக்கினார்கள்.