சூடும் மண்ணின் சேமிப்பும்



குப்பைக் குழியை மேடு தட்ட நிரப்பி வைக்கிறோம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பாதியாக அமுங்கிக் கிடக்கிறது. மீதி எங்கே போச்சு? கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதைத் தின்று, கரியமில வாயுவாக வெளியே விட்டுவிட்டன. சூடு ஏறினால் அவற்றின் வேலையும் வேகமாகும்.

குளிர் நாட்டுக் காடுகளில் ஓக், மேப்பிள் மரங்கள் ஆண்டுதோறும் இலையைக் கொட்டுகின்றன. உடனே பனிக்காலம் வந்துவிடும். நுண்ணுயிர்கள் அடங்கிவிடும். ஆகவே மண்ணில் மட்கு நிறையச் சேர்ந்திருக்கிறது. பூமி சூடானால் இந்தச் சேமிப்பு என்ன ஆகும்?

இதைக் கண்டறிய, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஹார்வர்டு காட்டில், 1991-ல் ஜெர்ரி மெலில்லோ என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும் ஒரு சோதனை தொடங்கினார்கள். 6 மீட்டருக்கு 6 மீட்டர் பாத்திகள். நாலு அங்குல ஆழத்தில் மின்கம்பி புதைத்து, பக்கத்து மண்ணைவிட 5 டிகிரி சென்டிகிரேடு கூடுதலாகச் சூடேற்றினார்கள். மண்ணைக் கிளறியதால் வந்த மாறுதலா, சூட்டினால் வந்ததா என்று தெரிய வேண்டுமே! அதற்காக, கம்பி மட்டும் புதைத்து மின்சாரம் விடாத பாத்திகளும் வைத்தார்கள்.

முதல் பத்து ஆண்டு சூடான பாத்திகளிலிருந்து கரியமில வாயு அதிகமாக வெளியேறியது. சுலபமாக மட்கக்கூடியது தீர்ந்ததும் ஏழு ஆண்டு அடங்கியிருந்தது. 'அவ்வளவுதான், முடிந்தது' என்று நினைக்கும்போது, 2008 முதல் மறுபடி வெளியேறத் தொடங்கியது! நுண்ணுயிர்க் கூட்டமே மாறி, கடினமான மட்கையும் தின்ன ஆரம்பித்திருந்தது. 26 ஆண்டில், மேல் இரண்டடி மண்ணிலிருந்த கரிமத்தில் நூற்றுக்கு 17 பங்கு போய்விட்டது.

மட்கு கரையும்போது தழைச்சத்து கிடைக்கும்; மரங்கள் கொஞ்சம் செழிக்கவும் செய்யும். ஆனால் அது முதலை எடுத்துச் செலவழிப்பது போலத்தான். வெளியேறிய வாயு பூமியை இன்னும் சூடாக்கும். அந்தச் சூடு இன்னும் மட்கைக் கரைக்கும்.

நமக்கும் இதில் பாடம் உண்டு. நம் வயலுக்குப் பனிக்காலமே கிடையாது. வருஷம் முழுக்க மட்கு கரைகிறது. ஆகவே தாளைக் கொளுத்தாதீர்கள். சருகால் மண்ணை மூடுங்கள், சூடு தணியும். தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். தொழுஉரத்தை ஒரு வருஷம் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். எடுத்துக்கொண்டே இருக்கிற மண்ணுக்குக் கொடுத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.