நெடுந்தீவில் நின்ற மரைக்கார் படகுகள்: 'கடற்கொள்ளையர்' என்று பெயர் வைத்தது யார்?

சாண்டில்யனின் 'கடல் புறா'வைப் படிக்காத ஒரு தலைமுறை நம்மிடையே இருந்ததில்லை என்றே சொல்லலாம். குமுதத்தில் தொடராக வந்த பக்கங்களைக் கிழித்துக் கட்டி, ஊர் முழுக்கக் கைமாற்றிப் படித்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கதாநாயகன் கருணாகரத் தொண்டைமான், குலோத்துங்க சோழனின் படைத்தலைவன். உப்பு ஏற்ற வந்த தொண்டைமான் ஒருவர் மரக்கலங்கள் உள்ளே வருவதற்காக ஆற்றை வெட்டுவித்ததாகவும், அதனாலேயே தொண்டைமானாறு என்ற பெயர் வந்ததாகவும் யாழ்ப்பாண வைபவமாலை கூறுகிறது. அந்தத் தொண்டைமான் இந்தக் கருணாகரனே என்பது பலருடைய கருத்து.

ஆனாலும் நாவலில் வரும் கடற்கொள்ளையரும் அரண்மனைச் சூழ்ச்சிகளும் தூரத்துக் கீழைக்கடலுக்குரியவை. நம் வாசலில், பாக்குநீரிணையில், அதே வகைக் கதை ஒன்று உண்மையாகவே நடந்தது. அதில் மலபாரிலிருந்து வந்த 'கடற்கொள்ளையர்' நெடுந்தீவில் தளம் வைத்திருந்தார்கள். நல்லூரில் ஒரு அரசன் உறவினரைக் கொன்று அரியணை ஏறினான். தஞ்சாவூரிலிருந்து படை வந்தது. கடைசிக் காட்சி கோவாவில் முடிந்தது. நாவலாசிரியர் ஒருவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 'சங்கிலி' என்ற பெயரில் நாடகமே எழுதினார். இருந்தும் அந்த மரைக்கார்களின் பங்கு நம் பேச்சில் பெரிதாக அடிபடுவதில்லை.

யார் இந்த மரைக்கார்கள்? மலபார்க் கரையில் அரிசியும் மிளகும் ஏற்றி இறக்கிய முஸ்லிம் கப்பல் வணிகர்கள். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தபோது அந்தக் கடலில் வணிகம் செய்ய யாரும் யாரிடமும் அனுமதி கேட்கும் வழக்கம் இல்லை. சில ஆண்டுகளில் போர்த்துக்கேயர் அதை மாற்றினார்கள். கப்பலோட்டும் ஒவ்வொருவரும் தங்களிடம் 'கர்த்தாஸ்' என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றார்கள். கப்பலின் பெயர், தலைவனின் பெயர், எவ்வளவு பாரம், என்ன ஆயுதம், எங்கிருந்து எங்கே பயணம் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். மிளகு போன்ற சரக்குகளை ஏற்றத் தடை. வழியில் போர்த்துக்கேயத் துறை ஒன்றில் நின்று தீர்வை கட்ட வேண்டும். சீட்டு இல்லாத கப்பல் பிடிபட்டால் கப்பலும் சரக்கும் பறிபோகும். ஆட்களுக்குச் சாவு, அல்லது சங்கிலியில் பிணைத்துத் துடுப்பு வலிக்கும் அடிமை வாழ்வு.

கடற்படையின் பாஸ் இல்லாமல் வலை எடுக்க முடியாதிருந்த காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. (நாம் அன்றாடம் சொல்லும் 'கடதாசி' என்ற சொல்கூடப் போர்த்துக்கேயர் வாயிலிருந்து நமக்கு வந்ததென்று சொல்வார்கள்.)

'கடற்கொள்ளையர்' என்ற பட்டம் இந்தச் சீட்டோடு சேர்ந்தே பிறந்தது. தந்தையும் பாட்டனும் ஓடிய அதே வழியில் அதே சரக்கோடு போனவன், சீட்டு வாங்க மறுத்த நாளிலிருந்து கொள்ளையன் ஆனான். மரைக்கார்கள் கொள்ளையடிக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. அடித்தார்கள், நன்றாகவே அடித்தார்கள். முப்பது நாற்பது துடுப்புகள் கொண்ட, எடை குறைந்த படகுகளைக் கழிமுகங்களில் மறைத்து வைத்து, காற்றை நம்பி அசைந்து வரும் பெரிய போர்த்துக்கேயக் கப்பல்களைக் கூட்டமாகச் சூழ்ந்துகொள்வார்கள். பெரிய கப்பல் திரும்பிப் பீரங்கியைக் குறிவைப்பதற்குள் ஆழம் குறைந்த நீருக்குள் ஓடிவிடுவார்கள். துரத்தி வந்தால் கப்பல் தரைதட்டும். கோழிக்கோட்டு அரசரான சாமூத்திரி இவர்களைத் தன் கடற்படையாகவே ஏற்றுக்கொண்டு, தலைவர்களுக்குக் 'குஞ்ஞாலி' என்ற பட்டத்தையும் கொடுத்தார். நான்கு குஞ்ஞாலிகள் அடுத்தடுத்து வந்தார்கள். ஓர் அரசனின் ஆணையின் கீழ் போரிடுபவனைக் கொள்ளையன் என்பது அந்தக் காலத்து ஐரோப்பிய வழக்கப்படிகூடச் சரியல்ல. போர்த்துக்கேயரின் எழுத்தில் மட்டும் அவர்கள் கடைசிவரை கொள்ளையரே.

இலங்கை அரசியலுக்குள் இவர்கள் வந்தது ஒரு குடும்பச் சண்டையால். கோட்டை அரசன் புவனேகபாகுவும் சீதாவாக்கையின் மாயாதுன்னையும் உடன்பிறந்தோர். 1521இல் தந்தையைக் கொன்று நாட்டைப் பங்கிட்ட சகோதரர்களில் இருவர். அண்ணன் போர்த்துக்கேயரிடம் போக, தம்பி சாமூத்திரியிடம் உதவி கேட்டான். 1538இல் அந்த உதவிக்காகப் புறப்பட்ட மரைக்கார் கப்பற்படையை, இராமேசுவரத்துக்கு அருகே வேதாளையில் மார்த்தீம் அபோன்சோ த சூசா என்ற தளபதி தாக்கி அழித்தார். அடுத்த ஆண்டும் ஒரு படை வந்தது. இம்முறை தோற்றுப்போன மாயாதுன்னைக்குச் சமாதானம் தேவைப்பட்டது. போர்த்துக்கேயர் விலை சொன்னார்கள்: உதவிக்கு வந்த மரைக்கார் தலைவர்களின் தலைகள். மாயாதுன்னை அவற்றைக் கொடுத்தனுப்பினான்.

இந்தக் காட்சி பின்னர் இன்னும் பெரிதாக நடந்தது. நான்காம் குஞ்ஞாலி கோட்டக்கல் கோட்டையில் வலுவாக இருந்தார். தன்னைக் கடல்களின் தலைவன் என்று அழைத்துக்கொண்டதும், சாமூத்திரியின் யானையின் வாலை வெட்டியதும் அரசருக்குப் பொறுக்கவில்லை என்று சொல்வார்கள். யானை வால் கதை எவ்வளவு உண்மையோ, அரண்மனைக்கு வெளியே இன்னோர் அதிகாரம் வளர்வதை எந்த அரசனும் விரும்பமாட்டான் என்பது உண்மை. சாமூத்திரி தன் பரம எதிரிகளோடு உடன்படிக்கை செய்து, தரைப்பக்கம் தான், கடற்பக்கம் போர்த்துக்கேயர் என்று கோட்டையை முற்றுகையிட்டார். 1599 தாக்குதலில் போர்த்துக்கேயர் பெரும் இழப்போடு திரும்பினார்கள். 1600 மார்ச்சில் குஞ்ஞாலி, உயிருக்கு உத்தரவாதம் என்ற வாக்கை நம்பி, சாமூத்திரியின் முன் வாளைக் கொடுத்துச் சரணடைந்தார். அடுத்த கணமே போர்த்துக்கேயத் தளபதி அவரைப் பிடித்தார். கோவாவில் தலை வெட்டப்பட்டது. உப்பில் இட்ட அந்தத் தலையைக் கண்ணூருக்கு அனுப்பிக் கம்பத்தில் நட்டு வைத்தார்கள்.

அந்தத் தளபதியின் பெயரை யாழ்ப்பாணத்தவர் கவனிக்க வேண்டும்: அந்திரே பூர்த்தாதோ த மென்டொன்சா. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நல்லூருக்கு வந்தவர் இவரே. 1591இல் வரும் வழியிலேயே குஞ்ஞாலியின் கப்பல்களை அழித்துவிட்டு வந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்தார். அரசன் புவிராஜ பண்டாரம் கொல்லப்பட்டான். எதிர்மன்னசிங்கன் அரியணையில் அமர்த்தப்பட்டான். மன்னார் 1560 முதலே போர்த்துக்கேயர் கையில் இருந்தது. இப்போது நல்லூர் அரசனும் அவர்கள் வைத்த ஆள்.

எதிர்மன்னசிங்கனைக் கைப்பொம்மை என்று ஒதுக்கிவிடுவது எளிது. அது அவனுக்கு நியாயமில்லை என்றே தோன்றுகிறது. கண்டி அரசுக்குத் தென்னிந்தியாவிலிருந்து போன உதவிகள் யாழ்ப்பாணத் துறைகள் வழியாகவே போயின. அவன் கண்டும் காணாததுபோல இருந்தான். போர்த்துக்கேயர் சந்தேகப்பட்டார்கள், ஆனால் அகற்றவில்லை. இருபத்தாறு ஆண்டுகள் அப்படி ஓடின.

1617இல் அவன் இறந்தபோது வாரிசு மூன்று வயதுக் குழந்தை. சகோதரன் அரசகேசரி பொறுப்பேற்றான். (இரகுவம்சத்தைத் தமிழில் பாடிய அரசகேசரி இவனே என்று கொள்வோரும் உண்டு.) அப்போதுதான் மருமகன் முறையான சங்கிலி குமாரன் வாளெடுத்தான். அரசகேசரியும் அரச குடும்பத்து இளவரசர்களும் கொல்லப்பட்டார்கள். நல்லூர் அரியணை சங்கிலியிடம் வந்தது.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். 1544இல் மன்னாரில் மதம் மாறியவர்களைக் கொல்வித்தவன் முதலாம் சங்கிலி. 1617இல் ஆட்சிக்கு வந்தவன் வேறு. ஒல்லாந்தர் காலத்தில் வைபவமாலையை எழுதிய மாதகல் மயில்வாகனப் புலவர் இருவரையும் ஒருவராக்கிவிட்டார். அதனால் ஒருவனின் புகழும் பழியும் மற்றவன் தலையிலும் ஏறிவிட்டன.

புதிய அரசனைப் போர்த்துக்கேயர் முழுமனதோடு ஏற்கவில்லை. உள்ளூரிலும் எதிர்ப்பு இருந்தது. 1618இல் கிறிஸ்தவர்களின் ஆதரவோடு கிளர்ச்சி வெடித்தபோது சங்கிலி ஊர்காவற்றுறைப் பக்கம் பின்வாங்க நேர்ந்தது. அங்கிருந்து தஞ்சை நாயக்கரிடம் ஆள் அனுப்பினான். வருணகுலத்தான் என்ற தளபதியின் கீழ் படை வந்து கிளர்ச்சியை அடக்கியது. கடலைக் காக்க அவன் நாடியவர்கள் மலபார் மரைக்கார்கள். கோட்டக்கல் விழுந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியும் அவர்களுடைய படகுகள் ஓயவில்லை. அவர்கள் நெடுந்தீவில் தளம் அமைத்தார்கள்.

வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் ஏன் நெடுந்தீவு என்பது உடனே புரியும். நாகபட்டினத்துக்கும் மன்னாருக்கும் இடையே போகும் எந்தக் கப்பலும் அந்தத் தீவின் பார்வைக்குத் தப்பாது. சுற்றிலும் கற்பார்களும் ஆழமில்லாத கடலும். பெரிய கப்பலுக்கு அது பொறி, துடுப்புப் படகுக்கு வீட்டு முற்றம். மலபார்க் கழிமுகங்களில் நூறாண்டு பழகிய போர்முறைக்கு இதைவிடப் பொருத்தமான நீர்ப்பரப்புக் கிடையாது. 1619இல் கடல்வழியாக வந்த போர்த்துக்கேயப் படையை அவர்கள் விரட்டியடித்தார்கள்.

அதே ஆண்டு பிலிப் த ஒலிவேரா ஐயாயிரம் பேர் கொண்ட படையோடு தரைவழியாக வந்தார். தரைவழித் தாக்குதலுக்கு முன் நெடுந்தீவுப் படகுகளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நல்லூர் வீழ்ந்தது. கடல் கடந்து தப்ப முயன்ற சங்கிலி பிடிபட்டு, எஞ்சிய அரச குடும்பத்தோடு கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டான். குஞ்ஞாலியின் உயிரை எடுத்த அதே நகரில் அவனுக்கும் மரண தண்டனை. மற்றவர்களில் பெரும்பாலோர் துறவிகளாகவும் கன்னியாஸ்திரிகளாகவும் மடங்களுக்குள் அனுப்பப்பட்டார்கள். அரியணைக்கு உரிமை கேட்கப் பிள்ளை பிறக்காமலிருக்க இதைவிட அமைதியான வழி கிடையாது.

இந்தக் கதையின் பெரும்பகுதி நமக்குக் கிடைப்பது குவேறோஸ் பாதிரியாரின் நூலிலிருந்து. அவர் அதைக் கோவாவில் இருந்தபடியே, சம்பவங்கள் நடந்து ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்குப் பின் எழுதி முடித்தார். இலங்கைக்கு வந்ததேயில்லை. 'அபகரித்தவன்', 'கொடுங்கோலன்', 'கொள்ளையர்' எல்லாம் அந்தத் தரப்பின் சொற்கள். அதற்காக அவற்றை அப்படியே தலைகீழாகப் புரட்டி, சங்கிலியைக் குறையில்லாத வீரனாக்குவதும் சரியல்ல. நல்லூரில் சிலையாக நிற்பவனும், அரசகேசரியைக் கொன்றவனும் ஒருவனே. 'கடல் புறா' போன்ற நாவல்களில் சூழ்ச்சிக்காரன் ஒரு பக்கம், கதாநாயகன் மறுபக்கம் நிற்பான். இங்கே இரண்டும் ஒரே ஆள். இவனை வைத்து அந்த வகை நாவல் எழுதுவது கடினம் என்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

குஞ்ஞாலிகளுக்குப் பெயர் மாற வெகுகாலம் எடுத்தது. இன்று மும்பையில் இந்தியக் கடற்படையின் தளம் ஒன்றுக்கு 'ஐ.என்.எஸ். குஞ்ஞாலி' என்று பெயர். 2021இல் மோகன்லால் நடித்த 'மரைக்கார்' படம் வந்தது. நெடுந்தீவில் தங்கிப் போரிட்டவர்களுக்கு அந்தக் கணக்கில் இன்னும் பங்கு கிடைக்கவில்லை.

ஒலிவேரா 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடிப்பித்து, தலைமையிடத்தை இன்றைய யாழ் நகருக்கு மாற்றினார். 1658இல் ஒல்லாந்தர் வந்து போர்த்துக்கேயரைத் துரத்தினார்கள். சீட்டு முறை தொடர்ந்தது. பனைமரமும் புகையிலையும் ஏற்றிக்கொண்டு எதிர்க்கரைக்குப் புறப்பட்ட யாழ்ப்பாணத் தோணிக்காரர், இப்போது ஒல்லாந்தரின் கந்தோரில் போய் நின்றார்.