ஒரே பெட்டி, இரண்டு பெட்டி… பழைய கிட்டார் ஆம்புக்கு மறுவாழ்வு தரலாம் வாங்க!

கோயில் திருவிழாவுக்கு மைக் செட் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆம்ப்ளிஃபையர் மேசை மேல் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். குழாய் ஸ்பீக்கர் மரக்கிளையிலோ சவுக்குக் கம்பத்திலோ தொங்கும். இரண்டையும் இணைப்பது ஒரு நீளமான வயர். புதுக்கோட்டையின் திருக்கோகர்ணத்தில் பிரகதாம்பாள் கோயில் வீதியானாலும் சரி, வேறு எந்த ஊர்த் திருவிழாவானாலும் சரி, இதுதான் வழக்கம்.

அதே மேடையில் லைட் மியூசிக் குழுவின் கிட்டாரிஸ்ட் பின்னால் இருக்கும் பெட்டியைப் பாருங்கள். குமிழ்கள் மேலே, ஸ்பீக்கர் கீழே, எல்லாம் ஒரே பெட்டிக்குள். இதற்குப் பெயர் ‘காம்போ’. மைக் செட் மாதிரி ஆம்ப் தனி, ஸ்பீக்கர் பெட்டி தனி என்று இருந்தால், ஆம்ப் மட்டும் உள்ள பெட்டிக்கு ‘ஹெட்’ என்று பெயர். ஸ்பீக்கர் கிழிந்தோ பலகை உப்பியோ மூலையில் கிடக்கும் பழைய காம்போவை ஹெட்டாக மாற்ற முடியும். ஆனால், தப்பாகச் செய்தால் ஆம்ப் புகைந்துவிடும். உயிருக்கே ஆபத்தும் வரலாம்.

டிக்கியில் வைக்க ஒரு ஆம்ப்!

பிரிப்பதும் சேர்ப்பதும் கிட்டார் உலகில் 60 வருடக் கதை. அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் 1950-களில் தயாரித்த ‘பேஸ்மேன்’ ஆம்ப் ஒரு காம்போ. 1960-களின் தொடக்கத்தில் அதே நிறுவனம் பேஸ்மேனை ஹெட், ஸ்பீக்கர் பெட்டி என இரண்டாகப் பிரித்து விற்றது. லண்டனில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷல், பழைய பேஸ்மேனின் சர்க்யூட்டை முன்மாதிரியாக வைத்துத் தன் முதல் ஆம்பை உருவாக்கினார். அதை அவர் ஹெட்டாகவே செய்தார்.

அப்புறம் நடந்தது தலைகீழ். “என் கார் டிக்கியில் வைக்கிற மாதிரி ஒரே பெட்டியாகச் செய்து தர முடியுமா?” என்று கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் கேட்க, மார்ஷலின் காம்போ பிறந்தது என்பது இசை உலகில் பரவலாகச் சொல்லப்படும் கதை. 1966-ல் வெளியான ‘ப்ளூஸ் பிரேக்கர்ஸ்’ ஆல்பத்தால் அந்த காம்போவுக்கு ‘ப்ளூஸ்பிரேக்கர்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

‘தி ஹூ’ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் 8 ஸ்பீக்கர்கள் கொண்ட ராட்சதப் பெட்டி வேண்டும் என்றார். தூக்குகிறவர்களால் முடியவில்லை. அதை நான்கு நான்காகப் பிரித்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்கள். ஆக, ஆம்பின் வடிவத்தை முடிவு செய்ததில் இசைக்கு எவ்வளவு பங்கோ, முதுகு வலிக்கும் அவ்வளவு பங்கு!

எதற்காகப் பிரிக்க வேண்டும்?

முதல் காரணம் எடை. ஃபெண்டரின் ‘ட்வின் ரிவெர்ப்’ காம்போ சுமார் 29 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு திருக்கோகர்ணத்தில் டவுன் பஸ் ஏறி, புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, திருச்சிக்கு மாறிப் போவதை நினைத்துப் பாருங்கள். இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு ஒன்றைத் தூக்கலாம். போகிற இடத்தில் ஸ்பீக்கர் பெட்டி இருந்தால், ஹெட் மட்டும் போதும்.

இரண்டாவது அதிர்வு. காம்போவில் ஸ்பீக்கர் அதிரும்போதெல்லாம் ஆம்பும் சேர்ந்து அதிர்கிறது. நாளடைவில் ஈயம் வைத்த இடங்கள் விட்டுப்போகலாம். வால்வ் ஆம்ப் என்றால் வால்வுகளும் அடி வாங்கும். ஹெட்டில் இந்தத் தொல்லை குறைவு.

மூன்றாவதுதான் மாணவர்களுக்கு முக்கியம். வீட்டில் பழகும் சின்ன காம்போவில் 6 அல்லது 8 அங்குல ஸ்பீக்கர்தான் இருக்கும். அதே ஆம்பை நல்ல 12 அங்குல ஸ்பீக்கர் பெட்டியில் இணைத்தால், சத்தம் ஆச்சர்யப்படும் அளவுக்குக் கூடும். ஸ்பீக்கரின் திறன் 3 டெசிபல் கூடினாலே, ஆம்பின் வாட்ஸை இரண்டு மடங்காக்கியதற்குச் சமம். புது ஆம்ப் வாங்கும் செலவு மிச்சமாகலாம்.

ஓம்ஸ் கணக்கு

ஆம்பின் பின்பக்கத்தில் 4, 8, 16 என்று ஏதாவது ஒரு ‘ஓம்ஸ்’ எண் இருக்கும். ஸ்பீக்கரின் பின்னாலும் இருக்கும். இந்த இரண்டும் பொருந்த வேண்டும்.

டிரான்சிஸ்டர் ஆம்பில் ‘குறைந்தபட்சம் 4 ஓம்ஸ்’ என்று போட்டிருந்தால், 4 அல்லது அதற்கு மேல் இணைக்கலாம். 8 ஓம்ஸ் பெட்டிகள் இரண்டைப் பேரலலாக இணைத்தால் 4 ஓம்ஸ். அதே மாதிரி மூன்றாவது பெட்டியையும் சேர்த்தால் 2.67 ஓம்ஸ் ஆகிவிடும். ஆம்ப் சூடாகிப் பழுதாகும். வால்வ் ஆம்பில் இன்னும் கவனம் தேவை. எண் சரியாகப் பொருந்த வேண்டும். ஸ்பீக்கர் இணைக்காமல் ஆன் செய்து வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரே எரிந்துபோகலாம்.

எண் அழிந்துபோன ஸ்பீக்கரா? மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள். 6 ஓம்ஸ் அளவில் காட்டினால், அது பெரும்பாலும் 8 ஓம்ஸ் ஸ்பீக்கர்.

மைக் செட்டுக்காரரின் குழாய் ஸ்பீக்கரை அப்படியே செருகிவிடலாமா? வேண்டாம். நீண்ட தூரம் வயர் இழுத்துக் கட்டும் குழாய்களில் பல ‘100 வோல்ட் லைன்’ முறையில் இயங்குபவை. அவற்றோடு ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் இருக்கும். கிட்டார் ஆம்புக்கு அது பொருந்தாது.

ஆசாரி வேலை பாதி

காம்போவுக்குள் சர்க்யூட் பொருத்திய உலோகச் சட்டம் இருக்கும். மெக்கானிக்குகள் அதை ‘சேஸிஸ்’ என்பார்கள். அதன் நீள, அகல, உயரத்தை அளந்து 18 மி.மீ பிளைவுட்டில் புதுப் பெட்டி செய்யச் சொல்லுங்கள். காற்று போக மேலும் பின்னும் இடம் விட வேண்டும். வால்வ் ஆம்ப் என்றால் கூடுதலாகவே விட வேண்டும்.

பல வால்வ் ஆம்ப்களில் சேஸிஸின் திறந்த பக்கத்தை மூடுவது பெட்டியின் மேல் பலகைதான். அதன் உள்பக்கம் உலோகத் தகடோ அலுமினிய ஃபாயிலோ ஒட்டியிருக்கும். புதுப் பெட்டியிலும் அது வேண்டும். இல்லாவிட்டால் ‘ஊம்’ என்ற இரைச்சல் வரும்.

எதிரொலி தரும் ரிவெர்ப் ஸ்பிரிங் பெட்டி, காம்போவின் அடியில் இருக்கும். அதை ஹெட்டுக்குள் கொண்டுவரும்போது பவர் டிரான்ஸ்பார்மரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். பக்கத்தில் வைத்தால் அதுவும் இரையும்.

ஸ்பீக்கருக்குப் போகும் வயர் தடிமனான இரட்டை வயராக இருக்கட்டும். கிட்டாருக்குச் செருகும் கேபிளும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். ஆனால், உள்ளே இருக்கும் வயர் மெல்லியது. அது இந்த வேலைக்கு ஆகாது.

உயிர் விஷயம்

மீதிப் பாதி எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவரின் வேலை. பிளக்கைப் பிடுங்கிவிட்டால் ஆபத்தில்லை என்று நினைக்காதீர்கள். வால்வ் ஆம்பின் கண்டன்சர்களில் 300 முதல் 500 வோல்ட் வரை மின்சாரம் தங்கியிருக்கும். அதை முறையாக இறக்காமல் உள்ளே கை வைக்கவே கூடாது. யூடியூப் பார்த்து முதன்முறையாக முயற்சி செய்யும் வேலை இது அல்ல.

அடுத்தது எர்த். புதுப் பெட்டிக்கு மாற்றும்போது மூன்று முள் பிளக்கும், சேஸிஸோடு இணையும் எர்த் வயரும் உறுதியாக இருக்க வேண்டும். இரைச்சல் வருகிறது என்று எர்த்தைக் கழற்றிவிடுவதும், பந்தலில் இரண்டு முள் பிளக்கில் சமாளிப்பதும் விபரீதம். கிட்டார் கம்பிகள் ஆம்பின் உலோகத்தோடு இணைந்தவை. ஒரு கையில் கம்பி, உதட்டருகே மைக் என்று நிற்கும்போது இரண்டில் எதில் கோளாறு இருந்தாலும் மின்சாரம் உடல் வழியே பாயும். 1972 மே 3-ல் இங்கிலாந்தை அடுத்த வேல்ஸின் ஸ்வான்சீ நகரில், ‘ஸ்டோன் த க்ரோஸ்’ குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டபோது மேடையிலேயே இறந்தார்.

தொடங்கும் முன்…

பின்பக்கத்தில் ‘எக்ஸ்டர்னல் ஸ்பீக்கர்’ என்ற சாக்கெட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பெட்டியை உடைக்கவே தேவையில்லை. ஓம்ஸ் பொருந்தும் ஸ்பீக்கர் பெட்டியை வெளியிலிருந்து செருகிக்கொள்ளலாம். தூக்கும் எடை மட்டும்தான் குறையாது.

சத்தத்தின் குணமும் மாறும். காம்போக்களின் முதுகு பெரும்பாலும் திறந்திருக்கும், சத்தம் பின்பக்கமும் பரவும். முதுகு மூடிய ஸ்பீக்கர் பெட்டியில் அடிச்சத்தம் இறுக்கமாக, முன்னால் பாயும். உங்கள் காதுக்கு எது பிடிக்கிறது என்று நண்பரின் பெட்டியில் ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு ஆசாரியிடம் போங்கள்.

வேலை முடிந்ததும் ஸ்பீக்கரை இணைத்த பிறகே ஆன் செய்யுங்கள். குறைந்த சத்தத்தில் பத்து நிமிடம் வாசித்து, சூடும் வாசனையும் வருகிறதா என்று கவனியுங்கள். பழைய பெட்டி நல்ல நிலையில் இருந்தால் அறுக்கவோ தூக்கிப்போடவோ வேண்டாம். நாளை விற்பதாக இருந்தால், பழைய பெட்டியோடு முழுசாக இருக்கும் ஆம்புக்குத்தான் நல்ல விலை கிடைக்கும்.