அம்பாசடர் எஞ்சினுக்கு முதல் செலவு

அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதத்தில் மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் நின்றுபோனது. அந்தக் காரில் நெடுங்காலம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினோ, 1950களில் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் உருவாக்கிய 'பி சீரிஸ்' குடும்பத்தைச் சேர்ந்தது. நான்கு சிலிண்டர், மூன்று மெயின் பேரிங், வார்ப்பிரும்பு பிளாக், அதன்மேல் வார்ப்பிரும்பு ஹெட். கணினியும் கிடையாது, சென்சாரும் கிடையாது. தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டிலோ அரூரிலோ இப்படி ஒரு எஞ்சின் ஜாம் ஆகி நின்றால், உரிமையாளர் காதில் பெரும்பாலும் இரண்டு யோசனைகள்தான் விழும்: வேறு எஞ்சினைத் தூக்கி வைத்துவிடலாம், அல்லது இரும்புக்கடையில் எடைக்குப் போட்டுவிடலாம். கையில் பணம் குறைவாக இருப்பவருக்கு இவை இரண்டுமே அவசர முடிவுகள் என்பது என் கட்சி. இந்த எஞ்சினை வடித்தவர்கள் அது தேயும் என்று தெரிந்தே, தேய்ந்தபின் மீட்பதற்கும் இடம் விட்டு வடித்தார்கள். அந்த இடம் இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளந்து பார்ப்பதற்கே முதல் காசு போக வேண்டும். உதிரிபாகக் கடைக்கு அப்புறம் போகலாம்.

இடம் விட்டிருக்கிறார்கள் என்பதற்கு எண்களே சாட்சி. சிலிண்டரின் உள்விட்டம் புதிதில் 73.025 மி.மீ. அது தேய்ந்தால் போர் அடித்து, அங்குலத்தின் ஆயிரத்தில் 10, 20, 30, கடைசியாக 40 என்ற படிகளில் பெரிய பிஸ்டன் போடலாம். கடைசிப் படிக்கே போனாலும் விட்டம் கூடுவது சுமார் 1 மி.மீ.தான், கொள்ளளவு ஏறத்தாழ 1530 சிசி ஆகும். அதையும் தாண்டித் தேய்ந்திருந்தால் ஸ்லீவ் அடித்துப் பழைய அளவுக்கே திரும்பிவிடலாம். கிராங்க் ஷாஃப்டுக்கு இதே ஏற்பாடு தலைகீழாக இருக்கிறது: கிரைண்டிங் செய்து படிப்படியாக மெலிதாக்கி, அதற்கேற்பத் தடித்த பேரிங் ஷெல் போட வேண்டும். சிக்கனத்தின் கணக்கு இந்தப் படிகளில்தான் அடங்கியிருக்கிறது. 10இல் முடிய வேண்டிய வேலையை, அளக்காமல் 'எதற்கும் இருக்கட்டும்' என்று 40க்கு அடித்துவிட்டால் மூன்று படிகள் ஒரே நாளில் காலி. போர் அடித்தே ஆக வேண்டிய சிலிண்டரில் வெறும் ரிங் செட் மட்டும் மாற்றி மூடினாலோ, சீக்கிரமே மறுபடி புகை தள்ளும். எஞ்சினை இறக்கி ஏற்றும் கூலி இரண்டு முறை.

அளப்பதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, எஞ்சின் எதனால் கெட்டது என்பது. தருமபுரி மாவட்டத்தில் சந்தேகம் முதலில் தண்ணீர்மேல் விழ வேண்டும். இது கடினப் பாறை நிலம். இதன் நிலத்தடி நீர் ஃபுளோரைடுக்குப் பெயர்போனது. 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பும் சேர்ந்திருக்கிறது. பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடால் எஞ்சினுக்குப் பெரிய தொந்தரவில்லை. உப்புத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் பைகார்பனேட்டுகள்தான் அதற்கு எதிரி. சூடு ஏறியதும் அவை கார்பனேட்டாக மாறி, வெந்நீர்த் தவலையின் அடியில் படிவதுபோல, சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர்வழிகளிலும் ரேடியேட்டர் குழாய்களிலும் படிகின்றன. வார்ப்பிரும்பு கடத்தும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்தப் படிவு கடத்தாது. ஆகவே 1 மி.மீ. படிவு என்பது, 1 செ.மீ.க்கும் கூடுதலான தடிமனில் இன்னொரு இரும்புச் சுவர் எழுப்பியதற்குச் சமம். தண்ணீர் பம்பிலிருந்து தள்ளியிருக்கும் நான்காவது சிலிண்டர் பக்கம் வண்டல் தேங்குவதும் வழக்கம். இந்த நிலையில் வண்டி சேலத்திலிருந்து தொப்பூர் கணவாயில் சின்ன கியரில் ஏறுகிறது: எஞ்சின் சுழல்வது அதிகம், ரேடியேட்டரில் மோதும் காற்று குறைவு. தண்ணீர் கொதிக்கிறது, கேஸ்கட் போகிறது. அவசரத்தில் கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு விரிசல் விடவும் செய்யும். பிரீமியர் பத்மினியில் இரும்பு பிளாக்கின்மேல் அலுமினிய ஹெட். அலுமினியம் இரும்பைப்போல் இரு மடங்கு விரியும் உலோகம் என்பதால் அங்கே ஹெட் கோணிக்கொள்வதே முதல் விபத்து. எந்த வண்டியானாலும் நீர்வழிகளைச் சுரண்டிக் கழுவாமல் போர் மட்டும் அடித்தால், கெடுத்த காரணம் உள்ளேயே காத்திருக்கும். பழைய ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். மேல்தொட்டியைக் கழற்றிக் குழாய்களில் கம்பி விட்டுத் தள்ளி, மறுபடி ஈயம் பற்றவைத்துவிடலாம். இந்த ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் வேண்டாமென்று பிடுங்கி எறியும் பழக்கமும் உண்டு. அது தப்பு. எஞ்சின் போதிய சூட்டுக்கு வராமலே ஓடினால், எரிந்த பெட்ரோலின் நீராவி சிலிண்டர் சுவரில் அமிலமாகக் கசிந்து போரைத் தின்னும்.

அளப்பதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டுமே என்பார்கள். போர் கேஜும் மைக்ரோமீட்டரும் நல்ல லேத் பட்டறையில் இருக்கும். ஆனால் அங்கே போவதற்கு முன்பே பாதி உண்மை தெரிந்துவிடும். எஞ்சின் சுழலும் நிலையில் இருந்தால், கழற்றாமலே கம்ப்ரெஷன் பார்க்கலாம். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும். அழுத்தம் ஏறினால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன; ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கட்டோ விட்டிருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால், இடையில் கேஸ்கட் போயிருக்கிறது என்றே பெரும்பாலும் அர்த்தம். ஹெட்டையும் பிஸ்டன்களையும் கழற்றியபின் ஒரு பிஸ்டன் ரிங்கும் ஃபீலர் கேஜும் போதும். ரிங்கை, தலைகீழாகப் பிடித்த பிஸ்டனால் நேராகத் தள்ளி, சிலிண்டரின் மேல்பக்கம் ஒரு முறை, ரிங் போகாத அடிப்பக்கம் ஒரு முறை அதன் வாய் இடைவெளியை அளக்க வேண்டும். வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப்போல் 3.14 மடங்கு, எனவே இரண்டு இடைவெளிகளின் வித்தியாசத்தை 3.14ஆல் வகுத்தால் விட்டத்தில் ஏற்பட்ட தேய்மானம் கிடைத்துவிடும். வித்தியாசம் 0.30 மி.மீ. என்றால் தேய்மானம் சுமார் 0.1 மி.மீ.: ஹோனிங்கும் புது ரிங்கும் போட்டு ஓட்ட இன்னும் வாய்ப்பு உண்டு. அதைப்போல் இரு மடங்கு என்றால் போர் அடிப்பதைத் தவிர வழியில்லை. விரிசலைக் கண்டுபிடிக்க மண்ணெண்ணெயும் சுண்ணாம்புப் பொடியும் போதும். சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுப் பொடியைப் பூசினால், விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் கசிந்து வெள்ளையில் கோடு போடும். ரயில்வே பட்டறைகள் 19ஆம் நூற்றாண்டிலேயே அச்சுகளைச் சோதித்தது ஏறக்குறைய இந்த வழியில்தான்.

உதிரி கிடைக்காது என்பது அடுத்த ஆட்சேபம். பத்மினிக்கும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கும் அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அம்பாசடர் அரை நூற்றாண்டுக்கும் மேல் விற்ற கார். பழைய சரக்கும் கழற்றிய சரக்கும் இன்னும் புழங்குகின்றன. இதே 1489 சிசி எஞ்சின் எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்ததால், அந்தக் காரை நேசிப்பவர்களுக்காக இங்கிலாந்திலும் பாகங்கள் விற்கிறார்கள். அளவு தெரிந்தவர்தான் இந்தச் சந்தையில் ஏமாறாமல் வாங்க முடியும்: பிஸ்டன் தலையில் 020 என்று பொறித்திருப்பதைப் பார்க்காமல் நான்கு பிஸ்டன்களை வாங்கிவந்தவருக்கு, அவற்றுக்காகவே போர் அடிக்கும் வேலை வந்து சேரும்.

வேறு டீசல் எஞ்சின் வைத்தால் செலவு குறையும் என்ற வாதம் காகிதத்தில் அழகாக இருக்கும். ஆனால் மவுண்டிங், கியர்பாக்ஸ் இணைப்பு, ரேடியேட்டர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறுவதால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் குறுக்கே வரும். 2021இல் வந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்த வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிய வேண்டுமானால் சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாறுதல் இருக்கக் கூடாது. இன்று மிச்சம் பிடிக்கும் பணத்துக்காக அந்தத் தகுதியை விட்டுக்கொடுப்பது நல்ல பேரமாகத் தெரியவில்லை.

புகை பற்றிய ஆட்சேபத்துக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. எவ்வளவு நன்றாகச் செப்பனிட்டாலும் கார்புரேட்டர் எஞ்சின் இன்றைய மாசு வரம்புக்குள் வராது; ஆயில் எரியும் நீலப் புகை நிற்கும், அவ்வளவே. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்ப் டயாஃபிரத்தையும் கெடுக்கும் என்பதும் உண்மைதான். அவற்றிலும் ஹெட் கேஸ்கட்டிலும் பேரிங் ஷெல்லிலும் கஞ்சத்தனம் கூடாது. மெயின் பேரிங்கில் ஆயில் நிற்கும் இடைவெளியே அதிகபட்சம் 0.05 மி.மீ.; பழைய ஷெல்லைத் திரும்பப் போட்டு அந்த அளவைக் காப்பாற்ற முடியாது.

அளந்து பார்த்தபின் 'வேண்டாம்' என்று முடிவு வரும் எஞ்சின்களும் உண்டு. கனெக்டிங் ராடு முறிந்து பிளாக்கைத் துளைத்திருந்தாலோ, மெயின் பேரிங் இருக்கையிலேயே விரிசல் ஓடியிருந்தாலோ ஒட்டுப்போட முயல வேண்டாம். வார்ப்பிரும்பில் கார்பன் அதிகம். வெல்டிங் வைத்து வேகமாக ஆறினால் அந்த இடம் கண்ணாடிபோல் நொறுங்கும் வெள்ளை வார்ப்பிரும்பாகிவிடும். தையல்போல் ஆணிகளை அடுக்கி விரிசலை மூடும் குளிர்முறை நீர்வழிச் சுவருக்குச் சரி, சுமை தாங்கும் இடத்துக்கு ஆகாது. அப்போது வாங்க வேண்டியது அதே வகைப் பழைய பிளாக். அதற்கு விலை பேசுவதற்கு முன்பும் ரிங்கும் ஃபீலர் கேஜும் உள்ளே போய்விட்டு வரட்டும், எஞ்சின் எண் மாறுவதை ஆர்டிஓ அலுவலகத்தில் பதிய அந்தப் பிளாக்கின் ரசீதும் கையில் இருக்கட்டும்.