இடையாள் இன்றி எழும் கணினி

மின்விசையை அழுத்தியதும் கணினியின் திரை ஒளிர்கின்றது. சில விநாடிகளில் நாம் வேண்டும் எழுத்துக்களும் படங்களும் அங்கே வந்து நிற்கின்றன. அச்சில விநாடிகளுள் நிகழ்வன யாவை என்று சிந்திப்போர் மிகச் சிலரே. கணினியைப் பாடமாகக் கற்கும் மாணவர் பெருகிவிட்ட இந்நாளில், அவ்விநாடிகளின் கதையை ஒருமுறை ஆராய்ந்து பார்த்தல் பயனுடைத்து.

மின்சாரம் பாய்ந்த கணத்தில் கணினியின் நினைவகம் வெறுமையாய் இருக்கிறது. பணிசெயல் முறைமையோ வன்தட்டில் உறங்குகிறது. அதனை எடுத்து நினைவகத்தில் ஏற்ற ஒரு நிரல் வேண்டும். அந்நிரலை ஏற்றுதற்கு மற்றொரு நிரல் வேண்டும். தன் சப்பாத்து வாரைத் தானே பிடித்துத் தன்னை மேலே தூக்க முயல்பவனின் நிலையன்றோ இது? அந்த வாரின் பெயரிலிருந்தே ‘பூட்’ செய்தல் என்னும் வழக்குப் பிறந்தது. இச்சிக்கலை அறுக்கும் பொருட்டு, தாய்ப்பலகையிலுள்ள சில்லொன்றில் மின்சாரம் நின்றாலும் அழியாத நிரலொன்றைப் பதித்து வைத்தனர். இதனையே நிலைப்பொருள் என்கிறோம்.

கோப்பறியாத பயோஸ்

1981 ஆம் ஆண்டு ஐ.பி.எம். கொம்பனியார் வெளியிட்ட தனியாள் கணினியில் இந்நிலைப்பொருள் பயோஸ் எனப்பட்டது. அதன் அறிவு மிகச் சுருங்கியது. தட்டின் முதற் கூறாகிய 512 பைற்றுக்களை நினைவகத்தில் ஏற்றி, அவற்றிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு அது ஒதுங்கிவிடும். கோப்பு என்பது இன்னதென்று அதற்குத் தெரியாது. வன்தட்டுக்கள் வழக்கில் வந்தபின், அந்த 512 பைற்றுக்களில் தட்டின் பிரிவுகளைக் குறிக்கும் அட்டவணைக்கு 64 பைற்றுக்களும், அடையாளத்துக்கு 2 பைற்றுக்களும் போக, நிரலுக்கு எஞ்சியவை 446 மாத்திரமே. இக்கட்டுரையின் ஒரு சிறு பந்திகூட அவ்விடத்தில் அடங்காது.

1991 ஆம் ஆண்டு பின்லாந்து மாணவராகிய லினஸ் டோர்வால்ட்ஸ் தமது லினக்ஸ் முறைமையை ஆக்கியபோது, அதன் கருப்பகுதியாகிய கேர்னலின் முகப்பிலேயே அந்த 512 பைற்று நிரலையும் சேர்த்து வைத்தார். கேர்னலை நெகிழ்வட்டில் எழுதிச் செருகினால் போதும். இடையில் வேறொருவர் வேண்டியதில்லை. நாளடைவில் கேர்னல் பருத்தது, நெகிழ்வட்டு அருகியது, ஒரே வன்தட்டில் இரண்டு மூன்று முறைமைகளை வைத்திருக்கவும் பலர் விரும்பினர். ஆகவே லிலோ என்றும், 1995 இல் தொடங்கப்பட்ட கிரப் என்றும் தொடக்கி நிரல்கள் தோன்றின. கிரப், தட்டிலுள்ள கோப்புக்களை அறியும். எந்த முறைமை வேண்டும் என்று பட்டியல் காட்டும். கேர்னலுக்கு வேண்டிய குறிப்புக்களைக் கொடுக்கும். புதிய கேர்னல் பழுதாயின் பழையதை எழுப்பித் தரும். லினக்ஸின் 2.6 ஆம் பதிப்பு வரிசையிலோ, கேர்னல் தானே நெகிழ்வட்டிலிருந்து எழும் பழைய வழியும் நீக்கப்பட்டது.

மீண்டும் நேர்வழி

1990 களின் பிற்பகுதியில் இன்டெல் கொம்பனியார், தமது இட்டேனியம் செயலிக்கெனப் பயோஸுக்கு மாற்றாக இ.எப்.ஐ. என்னும் புதிய நிலைப்பொருள் முறையை வகுத்தனர். 2005 இல் பல கொம்பனிகள் கூடிய மன்றமொன்று அதனைப் பொறுப்பேற்க, அது யு.இ.எப்.ஐ. என வழங்கலாயிற்று. இதற்குக் கோப்புத் தெரியும். ‘பற்’ முறையில் அமைந்த சிறு பிரிவொன்றைத் தட்டிலே வாசித்து, அங்குள்ள நிரலைத் தானே இயக்க வல்லது. ஆனால் அந்நிரல் விண்டோஸ் நிரல்களின் வடிவில் இருத்தல் வேண்டும்.

2012 மார்ச்சு மாதத்தில் வெளிவந்த லினக்ஸ் 3.3 ஆம் பதிப்பிலே கேர்னல் அவ்வடிவத்தைத் தானே தரித்துக்கொண்டது. அவ்வாறு ஆக்கப்பட்ட கேர்னலின் முதலிரண்டு எழுத்துக்கள் ‘எம்’, ‘இசட்’ என்பனவாம். அவை மைக்ரோசொப்ட் கொம்பனியில் டொஸ் நிரல் வடிவத்தை வகுத்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கி என்பாரின் பெயர் முதலெழுத்துக்கள். போட்டி முறைமையின் பொறியியலாளர் பெயரை லினக்ஸ் தன் நெற்றியில் தாங்கி எழுகின்றமை சுவையான செய்தியே.

செய்முறை எளிது. கேர்னலை அச்சிறு பிரிவில் இட்டு, அதன் இருப்பிடத்தையும் அதற்குரிய குறிப்புக்களையும் நிலைப்பொருளின் அழியா நினைவகத்திலுள்ள பட்டியலில் பதிந்துவிட்டால், அடுத்த முறை மின்விசையை அழுத்தியதும் நிலைப்பொருள் கேர்னலை நேரே எழுப்பிவிடும்.

தரகர் செய்த வேலை

இடையாள் நீங்கினார், வேலையும் ஒழிந்ததோ எனின், இல்லை. கலியாணத் தரகர் இன்றி இரு வீட்டாரும் நேரே பேசிச் சம்பந்தம் செய்துகொள்ளலாம். அப்போது தரகர்க் கூலி மிச்சமாகும். ஆனால் குடும்பத்தை விசாரித்தலும், ஒன்று பொருந்தாவிடின் வேறோரிடம் பார்த்தலும் இனி அவ்வீட்டாரின் பொறுப்பாகிவிடுகின்றன. கணினியிலும் அப்படியே. கோப்பைத் தேடும் வேலை நிலைப்பொருளுக்குச் சென்றது. குறிப்புக்களைச் சரிவர எழுதி வைத்தலும், பழைய கேர்னலைப் பேணுதலும் கணினிக்கு உரியவரிடம் வந்து சேர்ந்தன.

பாதுகாப்பிலும் இவ்வுண்மை விளங்கும். 2020 யூலையில் கிரப் நிரலில் ‘பூட்ஹோல்’ எனப்பட்ட குறையொன்று வெளியாயிற்று. கிரப் தன் அமைப்புக் கோப்பை வாசிக்கும் முறையிலிருந்த அவ்வழுவினால், கையொப்பமிட்ட நிரல்களை மாத்திரம் அனுமதிக்கும் பாதுகாப்புத் தொடக்கத்தையே கடந்துவிட வழியிருந்தது. கிரப்பைப் பயன்படுத்தாத கணினியின் வழக்கமான தொடக்கத்தில் அந்த வழுவுள்ள நிரல் இயங்குவதில்லை. ஆயின் 2023 டிசெம்பரில் ‘லோகோபெயில்’ என்னும் குறைகள் வெளியாயின. தொடக்கத்தில் திரையிற் காட்டும் சின்னப் படத்தை வாசிக்கும் பகுதியிலே, அதாவது நிலைப்பொருளுக்குள்ளேயே, அவை இருந்தன. வேலை எங்கே செல்கிறதோ, ஆபத்தும் அங்கே செல்கிறது.

கையொப்பத்தின் செய்தியும் சிந்திக்கத்தக்கது. பெரும்பாலான கணினிகளின் நிலைப்பொருள் மைக்ரோசொப்டின் சாவியை நம்புமாறே அமைந்து வருகிறது. லினக்ஸ் வெளியீட்டாளர் பலர், அச்சாவியால் ஒப்பமிடப்பட்ட சிறு நிரலொன்றை முன்னே வைத்து வழிபெறுகின்றனர். கேர்னலை நேரே எழுப்ப விரும்புவோர், தாமே சாவி ஆக்கி, அதனை நிலைப்பொருளில் பதிந்து, கேர்னலுக்கும் ஒப்பமிடுதல் வேண்டும். அன்றேல் அப்பாதுகாப்பையே நிறுத்த நேரும். கேர்னலையும், அதன் தொடக்கக் கோப்புக்களையும், குறிப்புக்களையும் ஒரே கோப்பாகக் கட்டி, முழுவதற்கும் ஒப்பமிடும் முறையும் இப்பொழுது வழக்கில் வந்துள்ளது.

மாணவர்க்கு ஒன்று சொல்வோம். இதனைச் செய்து பார்க்க விரும்புவோர், தமையனாரின் பரீட்சைக் குறிப்புக்களும் தந்தையாரின் கணக்குகளும் உள்ள வீட்டின் ஒரே கணினியிற் கை வைத்தல் தகாது. கியூ.இ.எம்.யு. போன்ற இலவச நிரலால் கணினிக்குள்ளே பாவனைக் கணினியொன்றை அமைத்துப் பழகுதல் நன்று. மெய்க்கணினியிற் செய்ய வேண்டிய நாள் வருமாயின், நன்கு இயங்கிய பழைய கேர்னலை இரண்டாவது பெயராகப் பட்டியலில் விட்டு வைக்க; தொடக்கத்தக்க யு.எஸ்.பி. தட்டொன்றையும் கையில் வைத்திருக்க.

நேர்வழி குறுகியது என்பதில் ஐயமில்லை. ஆனால் இடையாளை நீக்குமுன் அவர் இதுவரை செய்து வந்த வேலைகள் யாவை என ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் இனிச் செய்யப் போகின்றவர் யார் என அதன் எதிரே குறித்தல் வேண்டும். அந்தத் தாளை நிரப்பக் கூடியவர்க்கே நேர்வழி உரியது.